குளியலறை மேடு சொல்லும் வரலாறு

ஆமத்தூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பெற்ற வீடுகளைப் புதுப்பிக்கும்போது, குளியலறையில் கடப்பாரைக்கு முதல் இலக்காவது பெரும்பாலும் அந்தக் கழிப்பிட மேடைதான். தரையினின்று ஒரு சாண் உயர்ந்து, ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் நிற்கும் மேடை அது. முழங்கால் தேய்ந்த முதியோரும், பட்டாசு ஆலை விபத்தில் ஊனமுற்று ஊன்றுகோலுடன் நடப்போரும் அந்த ஒரு படியில் ஏறி இறங்கப் படும் பாட்டை அறிந்தவர்க்கு, அதனை ஏன் இடிக்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஏன் கட்டப்பெற்றது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. அம்மேட்டின் அடியில் உடைந்த செங்கல்லும் மணலும் மட்டுமல்ல, ஒரு நெடிய வரலாறும் புதைந்து கிடக்கிறது.

வாட்டம் அறிந்த முன்னோர்

ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே மொகஞ்சதாரோ மக்கள் தம் வீடுகளில் குளிப்பதற்கெனத் தனியிடம் அமைத்திருந்தனர். சுட்ட செங்கற்களை இடைவெளியின்றி நெருக்கிப் பதித்து, தண்ணீர் ஒரு மூலையை நோக்கி ஓடும்படி தரைக்கு வாட்டம் கொடுத்திருந்தனர். அந்நீர் தெருவிலுள்ள வடிகாலில் போய்ச் சேர்ந்தது. அந்நகரின் பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது. நீர் கசியாதிருக்க அதன் சுவருக்கு நிலக்கீல் பூசினர். நமக்கு அண்மையிலுள்ள கீழடியிலும் உறைகிணறுகளும் செங்கற் கட்டுமானங்களும் வடிகால்களும் கிடைத்துள்ளன. அங்குள்ள பண்பாட்டின் தொன்மை கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை செல்வதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. அம்மக்களுக்கு மேடும் பள்ளமும் நீரைப் பற்றிய கணக்கு. மனிதரைப் பற்றிய கணக்காக அது மாறியது பின்னாளில்தான்.

மேட்டுக்குக் கீழே ஒரு மனிதர்

'கக்கூஸ்' என்னும் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது என்பர். 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் நம் கடற்கரைகளில் விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. நகரங்கள் பெருகியபோது 'எடுப்புக் கக்கூஸ்' எங்கும் பரவியது. அதன் அமைப்பைச் சற்றே நினைவுகூர்வோம். மேலே ஒரு மேடை. அதில் இரு பாதங்களுக்கு இடம். நடுவே ஒரு துளை. துளையின் கீழே ஒரு வாளியோ தகரமோ இருக்கும். வீட்டின் பின்புறச் சந்தில் சிறியதொரு திறப்பு. விடியற்காலையில் அத்திறப்பின் வழியே கைநீட்டி அள்ளிச் செல்ல ஒருவர் வருவார். பெரும்பாலும் அவர் ஒரு பெண். அவர் எந்தச் சாதியில் பிறந்தாரோ அதுவே அவருக்கு அவ்வேலையை விதித்தது. வீட்டின் முன்வாசலை அவர் மிதித்ததில்லை. மேடையில் அமர்ந்தவர் அவர் முகத்தைப் பார்த்ததுமில்லை. ஒருவர் உயர்ந்து அமர வேண்டுமென்பதற்காக மற்றொருவர் குனிந்து நிற்க வேண்டியிருந்தது.

1901-இல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் காந்தியடிகள் தாமே துடைப்பம் எடுத்துக் கழிப்பிடத்தைத் தூய்மை செய்தார். இருப்பினும், இத்தகைய கழிப்பிடம் கட்டுவதையும், கையால் மலம் அள்ள ஆளமர்த்துவதையும் தடைசெய்யும் சட்டம் 1993-இல்தான் இயற்றப்பெற்றது. அதனினும் வலுவான சட்டம் 2013-இல் வந்தது.

மேடு ஏன் எஞ்சியது?

1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பார் வளைந்த குழாயொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வளைவில் தங்கும் சிறிதளவு நீரே நாற்றத்தைத் தடுக்கும் பூட்டாயிற்று. 1970-இல் பிந்தேசுவர் பாடக் பீகாரில் தொடங்கிய சுலப் இயக்கம், நீர் ஊற்றிக் கழுவும் இரட்டைக்குழிக் கழிப்பிடத்தை எளியோருக்கும் எட்டச் செய்தது. நம் வட்டாரத்திலோ 1960-களின் தொடக்கத்தில் இராமசாமி ராஜா நகரில் சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. சுண்ணாம்புத் தரைகள் மெல்ல மெல்லச் சிமெண்ட் தரைகளாயின. பீங்கான் கோப்பைகளும் வந்தன.

ஆனால் கோப்பைக்கும் அதன் கீழுள்ள வளைகுழாய்க்கும் ஆழம் தேவை. அங்கிருந்து தொட்டிக்குச் செல்லும் குழாய்க்கும் 40 அடிக்கு 1 அடி, அதாவது 10 அடி தூரத்திற்கு 3 அங்குலம் வாட்டம் வேண்டும். தரையைத் தோண்டுவதைவிடக் கோப்பையை உயர்த்தி வைத்துச் சுற்றிலும் செங்கல் அடுக்கிப் பூசுவது எளிதாயிருந்தது. அடியில் இருந்த மனிதர் விடுதலை பெற்ற பின்னும் மேடு நின்றதன் காரணம் இதுவே.

ஆகவே இன்று அதனை இடிக்க விரும்புவோர், தொட்டியின் வாய் எந்த மட்டத்தில் உள்ளதென முதலில் அளந்தறிதல் வேண்டும். அது உயரத்தில் இருப்பின், மேட்டை மட்டும் தட்டிவிடுவதால் பயனில்லை. கழிவுநீர் திரும்பி வரும். மேற்பரப்பைச் சமன் செய்ய விழைவோர் அடியிலுள்ளதையும் சீர்செய்தே ஆகவேண்டும்.

ஆலயத்திலும் ஒரு தடுப்பு

இவ்வுண்மையைத் தமிழகத் திருச்சபையும் தன் வரலாற்றில் கற்றது. திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரு சாதியார் தனித்தனியே அமர நடுவே சுவர் இருந்தது. கௌசானல் அடிகளார் காலத்தில், 1910-இல் அச்சுவர் இடிக்கப்பெற்றது. அதனை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சுவர் விழுந்தது; ஆயினும் சுவரை எழுப்பிய மனப்பான்மை கல்லறைத் தோட்டங்களிலும் திருவிழாக்களிலும் பல இடங்களில் தொடர்ந்ததை நாம் அறிவோம்.

நம் முன் உள்ள கேள்வி

தரை சமமாகிவிட்டது, பளபளக்கும் ஓடு பதித்தாயிற்று. சில ஆண்டுகளில் தொட்டி நிரம்பும். அப்போது யாரை அழைப்போம்? இயந்திரத்தையா, மனிதரையா? 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பெற்றது. இழப்பீடு உயர வேண்டியிருந்தது என்பதே, குழிக்குள் மனிதர் இன்னும் இறக்கப்படுகின்றனர் என்பதற்குச் சான்று. நூறு இருநூறு மிச்சப்படுத்த ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கும் வீட்டில், குளியலறை எத்துணைச் சமமாயினும் பழைய மேடு இன்னும் இடிக்கப்படவில்லை என்பதே பொருள்.

கொத்தனார் ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்ப்பார். சீடர்களின் பாதங்களைக் குனிந்து கழுவிய ஆண்டவர் நம் இல்லங்களில் வேறொரு மட்டத்தைப் பார்ப்பார்.