மானிப்பாய் முதல் சரவணை வரை: மருத்துவ ஆய்வுக் களப்பணியாளர் பயிற்சியின் வரலாறு

யாழ்ப்பாணத் தீவகத்துச் சரவணையில் ஒருவருடைய குருதியமுக்கம் ஏதோ ஓர் ஆய்வுக்காக அளக்கப்படுகிறது என்றால், அந்த எண்ணைப் படிவத்தில் எழுதுகிறவர் பேராசிரியர் அல்லர். ஒரு தாதியாகவோ, குடும்பநல உத்தியோகத்தராகவோ, சில மாத ஒப்பந்தத்தில் சேர்ந்த ஆய்வு உதவியாளராகவோதான் அவர் இருப்பார். யாழ்ப்பாணத்து மருத்துவக் கல்வியின் வரலாற்றை எழுதியவர்கள் மருத்துவர்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். படிவம் நிரப்புகிறவரை எவர், எந்த மொழியில் பயிற்றினார் என்பது அந்த வரலாற்றின் ஓரத்திலேயே கிடக்கிறது. பயிற்சி ஊரைவிட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்கப்பட்டதா, ஊரில் இருப்பவர்களுக்குக் கொடுக்கப்பட்டதா என்று கேட்டுக்கொண்டே இக்கட்டுரை அந்த ஓரத்தைப் பார்க்கிறது.

இந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷன் மருத்துவரான அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். 1848 முதல் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தபடியே மாணவரையும் பயிற்றினார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் தேறியவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பட்டணங்களுக்குப் போனார்கள். தாம் பயிற்றியவர்கள் கிராமங்களில் தங்கவில்லை என்பது கிறீனுக்குப் பெருங்குறையாகப் பட்டது. 1860களின் நடுவில் அவர் வகுப்பைத் தமிழுக்கு மாற்றியதற்கு மொழிப்பற்றைவிட இந்தக் கணக்கே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். பாடநூல் இல்லாமல் வகுப்பு நடவாது என்பதால், மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு பிரசவ மருத்துவம், இரண வைத்தியம், உடற்கூறு, இரசாயனம் என்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1867இல் இரண வைத்தியமும் 1872இல் மனுஷ அங்காதிபாதமும் அச்சேறின. 1873இல் அவர் ஊர் திரும்பும்போது அவரிடம் பயின்றவர்கள் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பாடசாலை ஆங்கில வழியில் நடந்தது. காலப்போக்கில் வேலைக்கான வாசல் அதுவே என்றாகிவிட, மானிப்பாய் முறைக்குத் தொடர்ச்சி இல்லாமல் போயிற்று.

மருத்துவரல்லாத களப்பணியாளரின் கதை வேறோரிடத்தில் தொடங்குகிறது. 1926இல் றொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. குறித்த ஒரு நிலப்பரப்பு, அதற்கென்று ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகரும் இன்று குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் மருத்துவமாதும், வீடு வீடாகப் பதிவேடு என்பதே அதன் அமைப்பு. இம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது. வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் இன்று இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அதன் வழி வந்தவை. யாருடைய வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு ஊசி தவறியது என்பதைப் பணிமனையின் கணினிக்கு முன்பே அறிந்தவர் குடும்பநல உத்தியோகத்தர்தான்.

ஆய்வு என்ற ஒழுங்குமுறை தமிழ் பேசும் வீடுகளுக்குள் நுழைந்த பெரிய நிகழ்ச்சி சென்னையில் நடந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய்க்கு ஒரு சிகிச்சை ஆய்வு நிலையத்தை நிறுவின. வாலஸ் பொக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். 193 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். ஏழை வீட்டில் கிடந்தவரும் சானடோரியத்துப் படுக்கையில் கிடந்தவரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

அந்த முடிவைத் தாங்கி நின்றது வீட்டுக்குப் போன பணியாளரின் வேலை. சொல்லாமல் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். மருந்து உட்கொண்டாரா என்று அறியச் சிறுநீரைச் சோதித்தார்கள். சந்தேகிக்கப்படுகிறோம் என்று நோயாளர் முகம் சுளிக்காதபடி இதைச் செய்யப் புத்தகப் படிப்பு மட்டும் போதாது. நிலையம் நிரந்தரமானது என்பதால் அந்தக் கைப்பழக்கம் ஓர் ஆய்வோடு முடிந்துபோகவில்லை. சேத்துப்பட்டில் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அது தொடர்கிறது.

யாழ்ப்பாணத்தில் அப்படியொரு நிரந்தரம் வாய்க்கவில்லை. 1978இல் மருத்துவபீடம் தொடங்கியது. சமுதாய மருத்துவப் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், வாசகர் அறிந்த பெயரில் நந்தி, மாணவருக்கும் இளம் மருத்துவருக்கும் ஆய்வு முறையைக் கற்பிக்கும் கைநூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். நாவலும் சிறுகதையும் நலவாழ்வு நூல்களும் தமிழில் எழுதியவர் ஆய்வுக் கைநூலை மட்டும் ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தது, அதைப் படிக்கப்போகிறவர் மருத்துவர்தான் என்று அமைப்பே தீர்மானித்திருந்ததால் என்று தோன்றுகிறது. இதற்கிடையே யுத்தம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் தீவகத்து ஊர்கள் பல வெறிச்சோடின; 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது.

ஒழுங்குவிதிகளின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனமும் 1996இல் நற்சிகிச்சை ஆய்வு நடைமுறை பற்றிய சர்வதேச வழிகாட்டலும் வந்தன. இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவகம் 2006இலும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் 2015இலும் வந்தன. இவற்றோடு பயிற்சிச் சான்றிதழும் கட்டாயம் போலாயிற்று. இணையத்தில் ஆங்கிலத்தில் சில மணிநேரப் பாடம், தெரிவு வினாக்கள், அச்சிட்டுக் கோப்பில் வைக்க ஒரு தாள். இதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

களத்தில் வேண்டியது வேறு. அளவெடுக்குமுன் ஐந்து நிமிடம் அமர்த்தவேண்டும். கால் தரையில் பட, கை இதயமட்டத்தில் தாங்கப்பட்டிருக்கவேண்டும். 138 என்று வந்ததை 140 என்று முழுமையாக்கக் கூடாது. பூச்சியத்தில் முடியும் எண்கள் மிகுந்த தரவைப் புள்ளியியலாளர் பார்த்தவுடனே சந்தேகிப்பார். பிழையாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாமல், பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, கையொப்பமும் திகதியும் இடவேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சியிடம் சம்மதம் பெறும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்கவேண்டும். “நீ சொன்னாச் சரி பிள்ளை” என்று அவர் கைநாட்டு வைக்க வரும்போது, அது சம்மதமாகாது என்று உணர்ந்து மறுபடி விளக்கவேண்டும். தீவகத்தில் மிகக் கடினமான பாடம் இதுதான், ஏனென்றால் ஆச்சிக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் பல வருடப் பழக்கம்.

இது நடக்காத காரியமல்ல. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய 3 நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரைச் சேர்த்து நடந்து, 2020இல் முடிவு வெளியான குருதியமுக்க ஆய்வில் வீடுகளுக்குப் போனவர்கள் அரசின் சமுதாயச் சுகாதாரப் பணியாளர்களே. இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர்கள். பயிற்சி பெற்ற அவர்களின் வருகையும் மருத்துவரின் சிகிச்சையும் சேர்ந்து குருதியமுக்கத்தைக் குறைத்தன. 2025 ஜனவரியில் திருத்தி வெளியிடப்பட்ட சர்வதேச வழிகாட்டலும், பணியாளரின் வழக்கமான வேலைக்கு அப்பாற்பட்ட பொறுப்புக்கு ஏற்ற பயிற்சியே தேவை என்கிறது. எல்லோருக்கும் ஒரே ஆங்கிலப் பாடம் என்பதற்கு இனி அந்த வழிகாட்டலைக் காரணம் காட்ட முடியாது.

திட்டம் ஒன்றுக்கென எடுக்கப்படும் உதவியாளர் நிதி முடிந்ததும் போய்விடுவார். அவர் கற்றதும் அவரோடு போய்விடும். ஆகவே யாழ்ப்பாண மருத்துவபீடத்தின் நெறிமுறைக் குழு, தீவகத்தில் ஆய்வு செய்ய அனுமதி கேட்டு வருகிறவரிடம் சான்றிதழ்ப் பிரதியோடு நிற்காமல், உள்ளூர்ப் பணியாளரைத் தமிழில் எப்படிப் பயிற்றப்போகிறீர்கள் என்று எழுத்தில் கேட்கவேண்டும். வேலணைப் பணிமனையில் ஆண்டுதோறும் அந்தப் பயிற்சியை நடத்துவதற்கான செலவை ஆய்வு நிதியிலிருந்தே ஒதுக்கும்படியும் நிபந்தனை விதிக்கவேண்டும்.