வேல்ஸ் மக்களும் அவர்தம் பாஷையும்

பிரிட்டன் தீவின் மேற்கே மலைகள் நிறைந்த சிறு நாடு வேல்ஸ். அந்நாட்டாருக்கெனத் தனிப் பாஷை உண்டு. 1847-ஆம் ஆண்டில் அங்கே கல்வி நிலையை ஆராயச் சென்ற விசாரணையாளர் மூவர், அப்பாஷை அறியாதவராயிருந்தும், அதுவே ஜனங்களின் முன்னேற்றத்துக்குத் தடையென அறிக்கை விடுத்தனர்! தாய்மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டு அவமதித்த பள்ளிகளும் இருந்தன. என்னே கொடுமை!

இந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வை உலகறியச் செய்தது, ரிச்சர்ட் லூவெலின் 1939-இல் எழுதிய 'ஹவ் கிரீன் வாஸ் மை வாலி' என்னும் நாவல். 1941-இல் ஜான் போர்டு அதைப் படமாக்கினார். அவ்வாண்டின் சிறந்த படமென ஆஸ்கார் பரிசும் கிட்டியது. கூலிக் குறைப்பும் வேலைநிறுத்தமும் குடும்பப் பிரிவும் காண்போர் உள்ளத்தை உருக்கின. ஆயினும், அது யுத்த காலமாதலின், அப்பள்ளத்தாக்கு கலிபோர்னியாவில் கட்டப்பட்டது. பாத்திரங்கள் பேசியதோ ஆங்கிலம்.

அக்குறையை நீக்கியது 1992-இல் வெளிவந்த 'ஹெத் வின்'. அஃது ஓர் உழவர் குடிக் கவிஞனின் புனைபெயர். 1917 ஜூலை 31-இல் அவன் பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டான். செப்டம்பரில் தேசியக் கவிதை விழாவில் முதற்பரிசு அவனுக்கே என அறிவித்தபோது, வெற்று நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினர். அவன் கதையை அவன் மொழியிலேயே கூறிய அப்படம், ஆஸ்கார் போட்டிக்குத் தெரிவான முதல் வேல்ஷ் மொழிப் படமாயிற்று. 2011-இல் அம்மொழி அந்நாட்டில் சட்டப்படி அரசாங்க அந்தஸ்தும் பெற்றது.

அன்பர்களே! தடையென்று தூற்றப்பட்ட பாஷையே அந்நாட்டின் புகழைச் சுமந்து சென்றது. பிழை பாஷையிலன்று; அதை இகழ்ந்தோர் அறிவிலேயாம்.