ஆண்டீஸ் கடற்கரை மட்பாண்டங்களில் கடல்வாழ் உயிரினங்கள்

பெருவின் பசிபிக் கரை பெரும்பாலும் பாலை. அதை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டமோ ஆழத்துச் சத்துகளை மேலே கொண்டுவருவதால், அங்கே நெத்திலி இன மீன்கள் பெருகுகின்றன. அவற்றைத் தேடிக் கடற்பறவைகளும் கடற்சிங்கங்களும் திரள்கின்றன. இந்தக் கடலை அன்றாடம் கண்டு வாழ்ந்தவர்கள் அக்கரையின் பழங்குயவர்கள். அவர்களது பாண்டங்களில் நண்டும் திருக்கையும் சங்கும் இனம் தெரியும்படி இருக்கின்றன. அதே உயிர்கள் கத்தி ஏந்திய தெய்வங்களாகவும் வருகின்றன.

தென்கரையில் சுமார் கி.மு. 100 முதல் தழைத்த நாஸ்கா பண்பாட்டில், கடல் உயிர்களுள் முதலிடம் ஓர்கா திமிங்கிலத்துக்கு. இரட்டை மூக்குக் குடுவைகளில், சூளையில் இடுவதற்கு முன்பே பல நிற மண்குழம்புகளால் அதைத் தீட்டினார்கள். கரிய முதுகு, வெளிறிய வயிறு, வரிசைப் பற்கள் எல்லாம் இயற்கையில் உள்ளபடியே. ஆனால் உடலிலிருந்து ஒரு மனிதக் கை நீளும். அதில் கத்தியோ வெட்டிய தலையோ இருக்கும். பிற்காலத்தில் முழு உருவம் சுருங்கி, குருதி படிந்த திறந்த வாய் மட்டுமே ஓர்காவைக் குறிக்கப் போதுமானதாயிற்று. நாஸ்கா பாலைநிலத்தில் வரைந்த பெருங்கோட்டோவியங்களிலும் ஓர்கா உண்டு.

வடகரையின் மோச்சே குயவர்கள், ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை, களிமண்ணை அச்சில் அழுத்திப் பாண்டங்களை உருவாக்கி, வெளிர்மஞ்சள் பரப்பில் செந்நிற நுண்கோடுகளால் காட்சிகளைத் தீட்டினார்கள். அவற்றுள் மிக உயிர்ப்பானவை கடற்சிங்க வேட்டைக் காட்சிகள். தடியோங்கிய வேடர்களுக்கு நடுவே விலங்குகள் அலைமோதுகின்றன; சிலவற்றின் வாயருகே உருண்டையான பொருள் ஒன்று தெரிகிறது. கடற்சிங்கங்கள் கூழாங்கற்களை விழுங்கும் வழக்கமுடையவை. பெருவின் நாட்டு மருத்துவர்கள் அண்மைக் காலம் வரை அக்கற்களைக் குணமளிப்பவையாக மதித்தனர். ஆகவே இந்த வேட்டை இறைச்சிக்கும் தோலுக்கும் மட்டுமன்று, சடங்குக்கும் உரியது என்று ஆய்வாளர்கள் கருதுவது பொருத்தமாகவே படுகிறது.

ஸ்பாண்டிலஸ் முட்சிப்பியின் கதை வேறு. அது பெருவின் குளிர்ந்த நீரில் வளராது. வெதுவெதுப்பான எக்வடோர் கடலிலிருந்து வர வேண்டும். அந்த அருமை கருதியே குயவர்கள் அதன் முட்களையும் களிமண்ணில் வனைந்தனர். பின்வந்த சிமூ மக்கள் புகையூட்டிச் சுட்ட கரும்பாண்டங்களிலும் சிப்பியும் மீனும் தொடர்கின்றன.

இப்பாண்டங்களில் மிகப் பல, கல்லறைக் கொள்ளையர் தோண்டியெடுத்தவை. எந்தப் புதைகுழியில், யாருடைய உடலருகே இருந்தன என்ற செய்தி அவற்றோடு வரவில்லை. இந்த இழப்புக்கு ஈடே இல்லை. பாண்டங்களின் காலத்தை அவற்றின் வடிவத்தைக் கொண்டு கணிக்கும் முயற்சியும் நடந்தது. லிமாவில் தம் பெயரில் அருங்காட்சியகம் கொண்ட ஆய்வாளர் ரஃபயேல் லார்கோ ஓயிலே, 1948-இல் மூக்கின் வடிவத்தை வைத்து மோச்சே குடுவைகளை ஐந்து காலகட்டங்களாகப் பிரித்தார். அந்த வரிசை எல்லாப் பள்ளத்தாக்குகளுக்கும் பொருந்தாது என்பது பிந்தைய அகழாய்வுகளில் தெரியவந்தது.