வண்டின் மூலபாடம்: காற்றால் குளிரும் ஒரு காரைச் சீர்செய்வதன் வரலாறு

பழைய ஃபோக்ஸ்வாகன் 'வண்டு' ஒன்றை வாங்கி, அதைச் சீர்செய்வதைப் பொழுதுபோக்காகக் கொள்வோர் முதலில் தேடுவது இரண்டு எண்களை. பின்னிருக்கைக்கு அடியில், காரின் நடுவே முதுகெலும்புபோல் ஓடும் பகுதியின்மீது அடிச்சட்ட எண் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எண், டைனமோவைத் தாங்கும் பகுதிக்குக் கீழே கிராங்க்கேஸில் இருக்கும். இரண்டும் ஒரே காலத்தைச் சுட்டினால் அது நற்பேறு. பல கார்களில் அடிச்சட்டம் ஓர் ஆண்டையும் எஞ்சின் வேறோர் ஆண்டையும் கதவுகள் மற்றோர் ஆண்டையும் சேர்ந்தவையாக இருக்கும்.

சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போருக்கு இந்நிலை புதிதன்று. மூலம் எது, பிற்காலத்தவர் கை எது, இடைச்செருகல் எது என்ற வினாக்கள் இங்கும் எழுகின்றன. இக்காரின் வரலாற்றை அந்த வினாக்களோடு படித்துப் பார்க்கும் முயற்சியே இப்பதிவு. இதன் மையக் கேள்வி எளியது: எவரும் தம் வீட்டு வாசலில் பழுதுபார்த்துக்கொள்ளத்தக்க கார் என்ற பெயர் வண்டுக்கு எப்படி வந்தது?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அதன் எஞ்சின் எளிமையானது என்பது. இதில் உண்மை உண்டு. இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்கள். ரேடியேட்டர் இல்லை, நீர் இறைக்கும் பம்ப் இல்லை, நீர்க்குழாய்கள் இல்லை. சிலிண்டர்களைச் சுற்றி மெல்லிய தகடுகளாக ஃபின்கள். டைனமோவின் அச்சோடு பிணைந்த விசிறி ஒன்று காற்றை உள்ளிழுத்து அவற்றின்மீது பாய்ச்சும். பழைய பஜாஜ் ஸ்கூட்டரின் எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இவ்வமைப்பின் அடிப்படை விளங்கும். ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியே கழன்று வரும். எஞ்சினைக் கியர்பெட்டியோடு பிணைப்பவை நான்கே போல்ட்டுகள். ஜாக்கி ஒன்றிருந்தால் முற்பகலுக்குள் அதை இறக்கிவிடலாம்.

எனினும் எளிமை என்பது கவனமின்மைக்கு இடந்தருவது அன்று. விசிறியையும் டைனமோவையும் சுழற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்தால் மின்னேற்றமும் குளிர்விப்பும் ஒருங்கே நின்றுபோகும். எனவே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தவுடன் வண்டியை நிறுத்தியாக வேண்டும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களும் அவற்றின் ஓரத்து ரப்பர் பட்டைகளும் அழகுக்கானவை அல்ல. அவை இல்லாவிடில் கீழிருந்து எழும் சூடான காற்றையே விசிறி மீண்டும் இழுக்கும். வால்வு இடைவெளியை ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, எஞ்சின் முற்றும் ஆறிய பின், சரிபார்க்க வேண்டும். நீண்ட காலம் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, காற்றின் வழியில் நின்றது. அதனால் அதற்குக் கீழிருந்த மூன்றாம் சிலிண்டருக்குச் சூடேறிய காற்றே கிட்டியது. அந்தச் சிலிண்டரின் வெளியேற்று வால்வு எரிந்துபோவது அறியப்பட்ட நோய். 1971 மாடலில்தான் கூலர் தனிக்கூட்டுக்கு மாற்றப்பட்டது. ஆக, குறையற்ற படைப்பு ஒன்று தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது என்ற கதை எஞ்சினுக்குள்ளேயே பொய்த்துப்போகிறது.

காற்றுக் குளிர்விப்பு ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் கண்டுபிடிப்பும் அன்று. அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் நிறுவனம் 1902 முதல் அத்தகைய கார்களை விற்றது. செக்கோஸ்லோவாக்கியாவில் ஹான்ஸ் லெட்விங்கா வடிவமைத்த டாட்ரா 11, 1923இலேயே காற்றால் குளிர்ந்த எஞ்சினோடு வந்தது. பின்னர் அவர் பின்புற எஞ்சின் கார்களையும் வடிவமைத்தார். டாட்ரா தரப்பின் உரிமைக்கோரிக்கை போருக்குப் பின்னரே, ஃபோக்ஸ்வாகன் பணம் செலுத்தியதோடு தீர்ந்தது. ஜெர்மனியில், பின்புற எஞ்சின் கொண்ட மலிவான சிறிய காருக்காகத் தொடர்ந்து எழுதி வந்தவர் மோட்டார் கிரிட்டிக் இதழின் ஆசிரியர் யோசஃப் கான்ட்ஸ். 1931இல் அவர் உருவாக்கிய முன்மாதிரியின் பெயர் மைகேஃபர், அதாவது மே மாத வண்டு. யூதரான அவரை 1933இல் கெஸ்டாப்போ கைது செய்தது. அடுத்த ஆண்டு அவர் நாட்டைவிட்டு நீங்கினார். 1967இல் ஆஸ்திரேலியாவில் இறந்தார். வண்டு என்ற பெயர் உலகெங்கும் பரவிய காலத்தில் அவர் பெயர் வழக்கிலேயே இல்லை.

போர்ஷேவுடனான ஒப்பந்தம் 1934 ஜூனில் கையெழுத்தானது. கார் ஆயிரம் மார்க்குக்குள் விற்க வேண்டும் என்பது ஆட்சியின் நிபந்தனை. அறிவிக்கப்பட்ட விலை 990 மார்க். 1938 மே 26 அன்று ஃபாலர்ஸ்லேபன் அருகே ஆலைக்கு அடிக்கல் நாட்டிய ஹிட்லர், காருக்கு 'மகிழ்ச்சியால் வலிமை' என்ற நாஜி ஓய்வுநேர அமைப்பின் பெயரைச் சூட்டினார். வாரம் ஐந்து மார்க் வில்லை ஒட்டிச் சேமிப்போருக்குக் கார் கிடைக்கும் என்பது திட்டம். ஏறத்தாழ 3,36,000 பேர் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவருக்கும் அத்திட்டத்தின்கீழ் கார் கிட்டவில்லை. போர்க்காலத்தில் ஆலை செய்தவை பெரும்பாலும் படை வாகனங்களும் ஆயுதப் பகுதிகளும். மூடிய உடலுடைய கார்கள் சில நூறு மட்டுமே, அவையும் அதிகாரத்திலிருந்தோர் கைக்கே சென்றன. சேமித்தவர்கள் தொடுத்த வழக்கு 1961இல்தான் சமரசத்தில் முடிந்தது: புதிய காரின் விலையில் அதிகபட்சம் 600 மார்க் தள்ளுபடி, அல்லது 100 மார்க் ரொக்கம்.

சேமித்தவர்கள் இழந்தது பணம். ஆலைக்குள் இருந்தவர்களின் இழப்பு வேறு. போர்க்காலம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ இருபதாயிரம் பேர் அங்கே கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர்: போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள், போலந்திலிருந்தும் சோவியத் பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஆண்களும் பெண்களும். அப்பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு ஒரு விடுதியில் வைக்கப்பட்டனர். ரூயன் என்ற ஊருக்கு மாற்றப்பட்ட அவ்விடுதியில் முந்நூறுக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்தன. அதற்குப் பொறுப்பாயிருந்த ஆலை மருத்துவரை பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. அவர் 1947இல் தூக்கிலிடப்பட்டார். ஹான்ஸ் மொம்சனும் மன்ஃபிரெட் கிரீகரும் 1996இல் வெளியிட்ட பெருநூல் இவ்வரலாற்றை விரிவாக ஆவணப்படுத்தியது. உழைத்தவர்களுக்கான உதவிநிதியை நிறுவனம் ஏற்படுத்தியது 1998இல்.

இனிப் பழுதுபார்ப்புக்கு வருவோம். 1945இல் ஆலை பிரித்தானியர் பொறுப்புக்கு வந்தபோது, அதற்கு அவர்கள் கண்ட முதற்பயன் படை வண்டிகளைச் செப்பனிடும் பட்டறையாக்குவது. ஆகஸ்டில் அங்கு வந்த மேஜர் ஐவன் ஹர்ஸ்ட், மின்-இயந்திரவியல் படைப்பிரிவைச் சேர்ந்தவர். ஆலையில் கிடந்த கார் ஒன்றுக்குப் பச்சை வண்ணம் பூசித் தலைமையகத்துக்கு அனுப்பினார்; செப்டம்பரில் இருபதாயிரம் கார்களுக்கான ஆணை வந்தது. 1948 ஜனவரியில் பொறுப்பேற்ற ஹைன்ஸ் நோர்தோஃப் இரண்டு முடிவுகளில் உறுதியாக நின்றார். உருவத்தை மாற்றாமல் உள்ளுறுப்புகளைத் தொடர்ந்து திருத்துவது ஒன்று. உதிரிபாகமும் பயிற்சிபெற்ற மெக்கானிக்கும் இல்லாத ஊரில் காரை விற்காதிருப்பது மற்றொன்று.

இவ்விரண்டு முடிவுகளே வண்டை எவரும் பழுதுபார்க்கும் காராக்கின என்பது என் வாதம். எஞ்சினின் எளிமை தேவையான காரணம். போதுமான காரணம் அன்று. இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அம்பாசிடரின் எஞ்சின் நீரால் குளிர்வது. ஆயினும் 1950களின் இறுதி முதல் 2014 வரை ஏறத்தாழ ஒரே உடலோடு வந்ததால், எந்த நெடுஞ்சாலை ஓரத்து மெக்கானிக்கும் அதை அறிந்திருந்தார். எந்தச் சிற்றூர்க் கடையிலும் அதன் பாகம் கிடைத்தது. குளிர்விக்கும் முறை இரண்டிலும் வேறு. மாறாமல் நீண்டகாலம் நின்றது இரண்டுக்கும் பொது. அவ்வாறு நின்ற காலத்தில்தான் பழுதுபார்க்கும் அறிவு ஆலையை விட்டுத் தெருவுக்கு வருகிறது.

அவ்வறிவு தெருவிலிருந்து ஏட்டுக்கு ஏறியது 1969இல். ஜான் மியூர் என்ற பொறியாளர், பீட்டர் ஆஷ்வாண்டனின் ஓவியங்களோடு, வண்டியை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்ற கையேட்டை அமெரிக்காவில் வெளியிட்டார். முழு மூடருக்கான படிப்படியான செய்முறைகள் என்று அதன் துணைத்தலைப்பு தன்னைத்தானே பகடி செய்துகொள்ளும். நிறுவனக் கையேடுகள் பயிற்சிபெற்றவரை நோக்கி எழுதப்பட்டவை. மியூரோ ஸ்பேனரைப் பிடித்தறியாதவரை முன்னிலைப்படுத்தி, பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல் எழுதினார். கருவிகளைக்கூடத் தொடக்கநிலையாளருக்கு இவை, தேறியவருக்கு இவை என்று படிநிலைப்படுத்தினார். ஓர் ஆலைக்குரிய கலைச்சொல் மரபு, பேச்சுநடைக்கு இறங்கிப் பொதுச்சொத்தான நிகழ்வு இது. மொழியியல் மாணவர்கள் கவனிக்கத்தக்கது.

பெயர்களிலும் இதே இடப்பெயர்ச்சியைக் காணலாம். ஆட்சி சூட்டிய பெயர் ஆட்சியோடு மடிந்தது. மக்கள் வைத்தவை நிலைத்தன. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் அது வண்டினம், போலிஷில் கூனன், இந்தோனேசியாவில் தவளை, தாய்லாந்தில் ஆமை. பிரேசிலின் 'ஃபுஸ்கா', ஜெர்மானிய உச்சரிப்பிலுள்ள 'ஃபோல்க்ஸ்' என்பது போர்ச்சுகீசிய நாவில் திரிந்தது என்பது பரவலான விளக்கம். 1983இல் நிறுவனமே அதை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. மெக்சிகோவில் 'வோச்சோ'. அந்நாட்டின் புவெப்லா ஆலையில்தான் 2003 ஜூலை 30 அன்று கடைசி வண்டு வெளிவந்தது. அதுவரை உருவானவை 2,15,29,464.

எனவே, இன்று பழைய வண்டு ஒன்றை வாங்குபவர் கையில் வருவது 'அசல்' அன்று. பலர் கைபட்ட ஒரு பிரதி. 1953 வரை பின்கண்ணாடி நடுவில் பிளவுபட்ட இரு துண்டுகளாக இருந்தது. பின்பு ஒற்றை நீள்வட்டமானபோது, பழைய காரின் நடுச்சட்டத்தை அறுத்தெடுத்துப் புதியதுபோல் ஆக்கிக்கொண்டோர் உண்டு. இன்றைய ஆர்வலர் அதே சட்டத்தை மீண்டும் பற்றவைக்கிறார். இருவருள் எவர் திரித்தார், எவர் திருத்தினார்? ஆலையிலிருந்து வெளிவந்த நாளே உண்மையான நாள் என்று கொண்டால், அதற்குப் பின் காரோடு வாழ்ந்தவர்கள் அனைவரும் பிழைகளாகிவிடுவர்.

பழைய வாகனங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம், பாதுகாப்பதையும் பழுதுபார்ப்பதையும் மீட்டுருவாக்குவதையும் வேறுவேறு செயல்களாகப் பிரிக்கிறது. பயன்பாட்டில் நேர்ந்த மாற்றங்களும் வரலாற்றின் பகுதியே என்று கருத இடந்தருகிறது. நம் பதிப்பு மரபுக்கு இது அந்நியமன்று. உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளில் அடிக்குறிப்புகளாக வரும் பிரதிபேதங்கள், தேர்ந்த பாடத்தை மேலே நிறுத்தி, தேராத பாடத்தையும் அழியாமல் காத்தன.

இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோருக்கு அதனின்று நடைமுறையாகச் சில கொள்ளலாம். பெட்ரோல் செல்லும் பழைய ரப்பர் குழாயைத் தயங்காமல் மாற்றுங்கள். சூடான எஞ்சினின்மேல் கசியும் பெட்ரோல் தீயாகும், அங்கே மூலபாடம் பேசுவதில் பொருளில்லை. ஆனால் துருவைச் சுரண்டுமுன் படம் எடுங்கள். பழைய வண்ண அடுக்குகளில் ஒரு விரலளவேனும் மறைவான இடத்தில் விட்டுவையுங்கள். கழற்றிய பாகத்தின் எண்ணையும், மாற்றிய நாளையும், செய்தவர் யார் என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். உள்ளூர்ப் பட்டறையில் கடைந்து செய்த பாகம் கிடைத்தால் அதைக் குப்பையில் எறியாதீர்கள். கடைந்தவர் பெயர் வேறெங்கும் பதிவாகியிருக்காது. உற்பத்தி நாள், முதல் நிறம், சென்ற நாடு ஆகியவற்றைக் குறிக்கும் சான்றிதழை வோல்ஃப்ஸ்பர்க் அருங்காட்சியகத்திலிருந்து விண்ணப்பித்துப் பெறலாம். அது காரின் பிறப்பை மட்டுமே சொல்லும். அதன்பின் நடந்ததை எழுதும் பொறுப்பு உரிமையாளருடையது.

அக்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் கான்ட்ஸின் பெயரும், ஆலையில் கட்டாயமாக உழைத்தோர் தொகையும், ரூயன் என்ற ஊர்ப்பெயரும் இடம்பெற வேண்டும் என்பேன். காரை விரும்புவதற்கு இது தடையன்று. உரோமத் துறைமுகங்களைப் படிப்போர் அடிமைகளையும் சேர்த்தே படிக்கிறோம். தம் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் அறிந்திருப்பதில் பெருமைகொள்ளும் ஒருவர், அவ்வண்டியைச் செய்த கைகளை மட்டும் அறியாதிருக்கலாகாது.

இத்தகைய கார்களைப் பேணும் நண்பர்கள், அல்லது உங்கள் ஊரில் இவற்றைப் பழுதுபார்த்த மூத்த மெக்கானிக்குகளை அறிந்தவர்கள், அவர்கள் பாகங்களுக்கும் பழுதுகளுக்கும் வழங்கிய சொற்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே தொகுத்துவிட வேண்டிய சொற்கள் அவை.