சாலஞ்சருக்கு முந்திய இரவு

1986-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் காலை 11.38 மணிக்கு, அமெரிக்காவின் புளோரிடாக் கடற்கரையிலிருந்து 'சாலஞ்சர்' என்னும் விண்வெளி ஓடம் மேலெழுந்தது. 73 விநாடிகளில் அது வானிலேயே சிதறியது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அவர்களுள் கிறிஸ்டா மெக்காலிஃப் ஒரு பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் புறப்பட்டவர்.

விபத்துக்குக் காரணம் ஒரு ரப்பர் வளையம் என்பதைப் பலரும் அறிவர். அவ்வளையம் குளிரில் ஏமாற்றக்கூடும் என்று முதல்நாள் இரவே சிலர் தம் மேலதிகாரிகளிடம் வாதாடினர் என்பது அத்துணைப் பரவலாகத் தெரியாது. சொல்லப்பட்ட செய்தி ஏன் போய்ச் சேரவில்லை? இக்கேள்வியில் இயற்பியலும் உண்டு, அலுவலகமும் உண்டு.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம். ஓடத்தை உந்தும் இரு திண்ம எரிபொருள் ராக்கெட்டுகள் ஒவ்வொன்றும் சுமார் 45 மீட்டர் உயரம். யூட்டா மாநிலத்தில் மார்ட்டன் தியோகால் நிறுவனம் அவற்றைத் துண்டு துண்டாகச் செய்து ரயிலில் அனுப்பும். புளோரிடாவில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். மூட்டுகளில் சூடான வாயு கசியாதிருக்க இரண்டிரண்டு ரப்பர் வளையங்கள் வைக்கப்பட்டன. வளையத்தின் பருமன் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்தான். ராக்கெட் பற்றியதும் உள்ளழுத்தத்தால் மூட்டு சற்றே விரியும். நசுங்கியிருக்கும் வளையம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் விரிந்து அந்த இடைவெளியை அடைத்துவிட வேண்டும்.

ரப்பருக்கு மீட்சித்தன்மை உண்டு என்று படிக்கிறோம். அது எவ்வளவு விரைவில் மீளும் என்று கேட்பதில்லை. 1985-இல் தியோகால் பொறியாளர்கள் கேட்டார்கள். நசுக்கிய வளையத்தின் மீதிருந்த தகட்டைச் சற்றே விலக்கிப் பார்த்தார்கள். 38 பாகை செல்சியசில் வளையம் தகட்டை விட்டு அகலவே இல்லை. 24 பாகையில் மீண்டும் தொட 2.4 விநாடி ஆயிற்று. 10 பாகையிலோ, 10 நிமிடம் காத்திருந்தும் அது தொடவில்லை!

அப்பொறியாளர்களுள் ஒருவர் ரோஜர் போஜொலே. 1985 சனவரியில் 12 பாகைக் குளிரில் செலுத்தப்பட்ட ஓடத்தின் ராக்கெட்டுகளைக் கடலிலிருந்து மீட்டுப் பிரித்தபோது, இரு வளையங்களுக்கிடையே கரும்புகை படிந்திருந்ததைக் கண்டவர். இதைச் சரிசெய்யாவிட்டால் உயிர்ச்சேதம் நேரும் என்று அவ்வாண்டு சூலை 31-இல் தம் துணைத்தலைவருக்கு எழுத்து மூலமாகவே எச்சரித்திருந்தார்.

இனி அந்த இரவுக்கு வருவோம். சனவரி 27 இரவு புளோரிடாவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும் என்று வானிலையாளர் கூறினர். யூட்டாவிலிருந்த தியோகால், அலபாமாவிலிருந்த நாசாவின் மார்ஷல் மையம், புளோரிடா ஏவுதளம் ஆகிய மூன்றும் தொலைபேசியில் இணைந்து பேசின. 12 பாகைக்குக் குறைவாக இருந்தால் செலுத்த வேண்டாம் என்று தியோகால் முதலில் தெளிவாகவே சொன்னது.

மார்ஷல் மைய அதிகாரிகள் இதை விரும்பவில்லை. ஆனால் அவர்கள் எடுத்துக்காட்டிய குறை பொய்யன்று. வளையங்கள் பழுதான பயணங்களில் 12 பாகையில் நிகழ்ந்ததும் உண்டு; 24 பாகையில் நிகழ்ந்ததும் உண்டு. அப்படியானால் குளிருக்கும் பழுதுக்கும் என்ன தொடர்பு?

இங்கேதான் பொறியாளர்கள் தவறினர். பழுது நேர்ந்த பயணங்களை மட்டுமே அவர்கள் ஆராய்ந்திருந்தனர். பழுதே நேராத பயணங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. பின்னர் விசாரணைக் குழு எல்லாப் பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ 17 பாகையிலும் அதற்குக் கீழும் நடந்த 4 பயணங்களில் நான்கிலும் பழுது. 19 பாகையும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே பழுது. தொடர்பு பளிச்சென்று தெரிகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்திலும் மாணவர்கள் 'ஒன்றும் நிகழவில்லை, சார்' என்று சொல்லி அந்த அளவீடுகளைப் பதிவேட்டில் எழுதாமல் விடுவதுண்டு. அவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

இருப்பினும் அதிகாரிகள் கேட்ட முறையிலும் பெருங்கோளாறு இருந்தது. செலுத்துவது பாதுகாப்பானது என்று நிரூபியுங்கள் என்பதே அதுவரை இருந்த வழக்கம். அன்றிரவோ, செலுத்துவது ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை பொறியாளர்கள் தலையில் விழுந்தது.

தியோகால் தனியே கலந்து பேச 5 நிமிடம் கேட்டது. பேச்சு அரைமணி நீண்டது. போஜொலேயும் அவர் தோழர் ஆர்னால்ட் தாம்சனும் நிழற்படங்களை மேசைமேல் வைத்து வாதாடினர். மூத்த துணைத்தலைவர் ஜெரால்ட் மேசன், பொறியியல் பிரிவுத் தலைவரான ராபர்ட் லண்டிடம், பொறியாளரின் தொப்பியைக் கழற்றிவிட்டு நிருவாகியின் தொப்பியை அணியுமாறு சொன்னார். இறுதியில் நான்கு நிருவாகிகள் மட்டும் கூடி, செலுத்தலாம் என்று முடிவு செய்தனர்.

தொலைபேசி மீண்டும் இணைந்தது. யாருக்கேனும் மாற்றுக்கருத்து உண்டா என்று மார்ஷல் மையத்தார் கேட்டனர். யாரும் பேசவில்லை. யூட்டா அறையில் பொறியாளர்கள் இன்னும் எதிர்க்கிறார்கள் என்பது கம்பியின் மறுமுனைக்குத் தெரியாமலே போயிற்று. புளோரிடாவிலிருந்த தியோகால் அதிகாரி ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தார். யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டு அனுப்பினார். செலுத்தும் இறுதி அதிகாரம் படைத்த ஜெசி மூருக்கும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த ஆர்னால்ட் ஆல்ட்ரிச்சுக்கும் இப்படியொரு விவாதம் நடந்ததே தெரிவிக்கப்படவில்லை. மறுநாள் ஓடம் கிளம்பியபோது வெப்பநிலை 2 பாகை.

விசாரணைக் குழுவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனும் இருந்தார். பனிக்கட்டி நீரில் வளையத் துண்டை நசுக்கி வைத்துக் காட்டிய அவருடைய சோதனையை எல்லோரும் நினைவுகூர்வர். எனக்கு அவர் செய்த மற்றொன்று இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. ஓடம் அழியும் வாய்ப்பு எவ்வளவு என்று அவர் பலரைக் கேட்டார். கையால் வேலை செய்யும் பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்னும் அளவில் சொன்னார்கள். நிருவாகிகள் இலட்சத்தில் ஒன்று என்றனர். இரண்டாவது எண்ணின் பொருள் என்ன? நாள்தோறும் ஓர் ஓடத்தைச் செலுத்தினாலும் சுமார் 274 ஆண்டுகளுக்கு ஒரு முறையே விபத்து நேரும்! ஒரே நிறுவனத்துக்குள் ஆயிரம் மடங்கு வேறுபாடு. 2011-இல் ஓடங்கள் ஓய்வு பெறும்வரை நடந்த பயணங்கள் 135. அழிந்த ஓடங்கள் 2. பொறியாளர்களின் எண்ணே உண்மைக்கு அருகில் நின்றது.

போஜொலே தம் ஆவணங்களை விசாரணைக் குழுவிடம் கொடுத்தார். நிறுவனத்துக்குள் ஒதுக்கப்பட்டு, பின்னர் வேலையை விட்டார். மெக்டொனால்ட் பதவியிறக்கம் செய்யப்பட்டார். நாடாளுமன்றம் தலையிட்ட பின், அதே மூட்டைத் திருத்தி அமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். மூன்றாம் வளையமும் சூடேற்றும் கருவியும் சேர்க்கப்பட்டு, 1988 செப்டம்பரில் ஓடங்கள் மீண்டும் பறந்தன.

மூட்டு அதன்பின் கெடவில்லை. 2003 சனவரி 16-இல் 'கொலம்பியா' ஓடம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் இடது இறக்கையைத் தாக்கியது. சேதத்தை அறிய, சுற்றுப்பாதையில் ஓடத்தைப் படமெடுக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டனர், நிருவாகம் இசையவில்லை. ராட்னி ரோச்சா என்னும் பொறியாளர், இது தவறு என்று கடுமையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். அதை மேலிடத்துக்கு அனுப்பவில்லை. பிப்ரவரி 1-இல் கொலம்பியா எழுவருடன் திரும்பி வரும் வழியில் சிதறியது.