கட்டைவிரலுக்கு மாறிய ஃபோகஸ்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்புக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது சாம்பல் நிற அணிலை. இந்த அணிலுக்காகவே 1988இல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. அணில் தரைக்கு இறங்குவது அரிது. மாவும் புளியும் கிளை பின்னிக் கிடக்கும் உயரத்திலேயே தின்கிறது, கூடு கட்டுகிறது, மரத்துக்கு மரம் தாவுகிறது. ஆகவே லென்ஸுக்கும் அணிலுக்கும் நடுவே எப்போதும் இலைகள் உண்டு. ஃபோகஸ் செய்யும் வேலையையும் படம் பிடிக்கும் வேலையையும் ஒரே பட்டனில் கட்டிவைத்த கேமரா, இந்த இலைகளிடம்தான் அடிக்கடி தோற்கிறது. அந்த இரண்டையும் பிரித்து ஃபோகஸைக் கட்டைவிரலுக்குக் கொடுக்கும் அமைப்பை, கைதேர்ந்தவர்களின் உபாயம் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால், பழைய வேலைப்பிரிவினையே திரும்பி வந்திருக்கிறது என்று தெரியும்.

எஸ்எல்ஆர் கேமராவில் நெடுங்காலம் இடதுகை லென்ஸின் வளையத்தைத் திருப்பியது. வலது ஆட்காட்டிவிரல் ஷட்டரை அழுத்தியது. எதில் ஃபோகஸ் வைப்பது என்பது ஒரு முடிவு, எப்போது எடுப்பது என்பது வேறொரு முடிவு. தமிழ்நாட்டின் காட்டுயிர்ப் படக்கலைக்கு முன்னோடியான மா. கிருஷ்ணன் (1912–1996) பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்ட கருவியை வைத்துக்கொண்டு யானைகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தார். அவர் தலைமுறைக்கு இந்தப் பிரிவினை தனியாகக் கற்க வேண்டிய நுட்பமாக இருக்கவில்லை. கருவியின் இயல்பே அதுதான்.

இயல்பை மாற்றியது வணிகம். 1977இல் கோனிகா சி35 ஏஎஃப் என்ற சிறு கேமரா ஆட்டோஃபோகஸைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. 1985இல் மினோல்டா 7000 ஃபோகஸ் மோட்டாரை எஸ்எல்ஆரின் உடலுக்குள்ளேயே வைத்தது. 1987இல் கேனன் இஓஎஸ் வரிசை மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துத் தொடங்கியது. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதாக அழுத்தினால் படம் என்பது பொது வழக்கமானது. பிறந்தநாள் விழாவில் படமெடுப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் இரண்டு முடிவுகள் ஒரு விரலுக்குள் அடங்கிவிட்டதன் குறை சீக்கிரமே தெரிந்தது. 1989இல் கேனன் இஓஎஸ் 630இல் தனிப்பயன் அமைப்புகளைக் கொடுத்தபோது, ஃபோகஸைக் கட்டைவிரல் எட்டும் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றும் வழியும் அதில் இருந்தது. 1996இல் நிகான் எஃப்5 இதற்கென்றே ஏஎஃப்-ஆன் பட்டனோடு வந்தது. கேனனின் டிஜிட்டல் உடல்களில் அந்தப் பெயருள்ள பட்டன் 2007இல் இடம்பெற்றது. ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர் பரவிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே கட்டியதை அவிழ்க்கும் வழியையும் தயாரிப்பாளர்கள் தர வேண்டியிருந்தது என்பதே என் வாதத்துக்கு முதல் சான்று.

இரண்டாவது சான்று அணிலின் நடத்தை. காய் தின்னும்போது ஒரே கிளையில் நெடுநேரம் அசையாமல் இருக்கும்; திடீரென்று தாவும். கேமராவில் அசையாத பொருளுக்கு ஒரு முறை, அசையும் பொருளுக்கு இன்னொரு முறை. முதலாவதில் பாதி அழுத்தம் ஃபோகஸைப் பூட்டும், ஆனால் தாவலைத் தொடராது. இரண்டாவது தொடரும், ஆனால் சட்டகத்தைச் சற்று நகர்த்தினாலே முன்னாலிருக்கும் இலைக்கு ஓடிவிடும். முறையை மாற்றிக்கொண்டிருக்க அணில் அவகாசம் தராது. தொடர் ஃபோகஸை வைத்து அதைப் பின்பட்டனுக்கு மாற்றிவிட்டால், கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை கேமரா தொடரும். விரலை எடுத்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். ஒரு விரலின் அழுத்தமும் விடுதலுமே இரண்டு முறைகளின் வேலையைச் செய்துவிடுகின்றன.

இதற்கு மறுப்புகள் உண்டு. கட்டைவிரலை மறந்தால் ஃபோகஸே நடக்காது, கேமராவை வேறொருவரிடம் கொடுத்தால் படம் மங்கும் என்பது ஒன்று. உண்மைதான், ஆனால் இது பழகும்வரை உள்ள சிரமம், இலைக்கு ஓடும் ஃபோகஸோ எவ்வளவு பழகினாலும் போகாதது. நிகானின் அதிர்வுகுறைப்பு லென்ஸ்களில் ஏஎஃப்-ஆன் மட்டும் அழுத்தினால் அதிர்வுகுறைப்பு இயங்காது, ஷட்டரையும் பாதி அழுத்த வேண்டும் என்பது இன்னும் கனமான மறுப்பு. நீண்ட லென்ஸில் அது ஒரு விலையே. இரு விரல்களும் சேர்ந்து வேலை செய்தால் அந்த விலை குறையும். கடைசியாக, விலங்கின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்ட பிறகு இது எதற்கு என்ற கேள்வி. கண் தெரிந்தால் அவை வியக்கத்தக்க வேலை செய்கின்றன. ஆனால் இலைகளுக்குள் பாதி மறைந்த அணிலின் கண் எப்போதும் தெரிவதில்லை. தெரியும்போதும், தொடரச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் எடுப்பவரின் தீர்மானம். அந்தக் கேமராக்களிலும் ஏஎஃப்-ஆன் பட்டன் தொடர்வது இதனால்தான்.

ஆகவே தயாரிப்பாளர் வைத்துத் தரும் அமைப்பைக் கலையின் விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. கேமராவை அதிகம் பேருக்கு விற்க வேண்டிய காலத்தில், அதிகம் பேருக்கு எளிதான வழியாக அது வைக்கப்பட்டது. விழாப் படம் எடுப்பவருக்கு அதுவே போதும். கிளைகளுக்குள் விலங்கைத் தேடுகிறவர் மெனுவில் அதை மாற்றும்போது, ஆட்டோஃபோகஸுக்கு முன் எஸ்எல்ஆர் வைத்திருந்த யாவருக்கும் இருந்த அதிகாரத்தை மோட்டாரின் வேகத்தோடு சேர்த்துத் திரும்பப் பெறுகிறார்.