நத்தமும் துணைவிதியும்

நத்தம் என்றால் குடியிருக்கும் நிலம். உழவுக்கு விட்டது போக, வீடு கட்டிக்கொள்ள ஒதுக்கிய மண். அகராதி இவ்வளவோடு நின்றுவிடும். நிலவரிப் பதிவேடு நிற்காது. ரயத்துவாரிக் கணக்குகளில் ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று நத்தம் இரண்டாகக் கிடக்கும்: கிராம நத்தம், சேரி நத்தம். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலைப் பறித்த கம்பெனி, கேப்டன் ரீடையும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவையும் அனுப்பி ரயத்துவாரிக்கு அடி போட்டது இந்தத் தர்மபுரிப் பக்கத்தில்தான். குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே ஜமீன்தார் வேண்டாம் என்றவர் மன்றோ என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் குடியானவனுக்கும் அவன் வயலில் உழைத்தவனுக்கும் நடுவே என்ன இருந்தது என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. சாதி போட்டிருந்த கோட்டைப் பின்னால் வந்த சர்வேயர்கள் சங்கிலி பிடித்து அளந்து, எண் கொடுத்து, படத்தில் ஏற்றினார்கள். வழக்கமாக இருந்தது ஆவணமாயிற்று.

இன்று நகரங்களில் ‘குடியிருப்போர் நலச் சங்கம்’, ‘வீட்டு உரிமையாளர் சங்கம்’ என்று பலகை மாட்டிக்கொண்டு, யார் வீடு வாங்கலாம், அடுப்பில் எது வேகலாம், வேலைக்காரம்மா எந்த லிப்டில் ஏறலாம் என்று விதி எழுதுகிறவர்களைப் பற்றிப் பேசத்தான் நத்தத்திலிருந்து தொடங்குகிறேன். (சங்கம் வைத்து எதை வளர்த்தோம் என்று தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்காதீர்கள்.) இது அமெரிக்காவிலிருந்து இறங்கிய புதுப் பழக்கம் என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. ஊர்க்கட்டுப்பாடு என்பது பதிவு செய்யாத வீட்டு உரிமையாளர் சங்கம்தான்.

எங்கள் பக்கத்தில் அதற்கு நிர்வாகக் குழுவே உண்டு. ஊர்க்கவுண்டர், மந்திரி, கோல்காரர். கூட்டம் உண்டு, தண்டம் உண்டு, தள்ளிவைப்பு உண்டு. எழுதிவைத்த விதிதான் கிடையாது. எங்கள் ஆயா அந்த விதிகளை ஒன்று விடாமல் சொல்லும்: “கூர ஊடுதான்டா கட்டணும். ஓடு போட்டா, ‘என்னாடா எங்களுக்குச் சமமா ஆயிட்டியா’ம்பாங்க. திண்ண வெச்சுக் கட்டுனா, ‘அதுல குந்திக்கினு நாங்க போறப்ப எந்திரிக்க மாட்டியா’ம்பாங்க. எதுக்கு வம்புன்னு உங்க தாத்தன் திண்ணையே வெக்கல.” தமிழர் கட்டடக் கலை என்று தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்களே, அதில் திண்ணை வைக்கப்படாத வீட்டுக்கு ஒரு பக்கமாவது உண்டா?

ஆயா சொன்னதில் முக்கியமானது வேறொன்று. ஊர்த் தெருவில் ஒருவர் கடன்பட்டு வீட்டை விற்க வந்திருக்கிறார். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்க் காசு சேர்த்திருந்த எங்கள் ஆள் ஒருவர் வாங்கத் தயாராக இருந்திருக்கிறார். ஊர் கூடியது. தண்டம் விழுந்தது வாங்க நினைத்தவருக்கு அல்ல, விற்க நினைத்தவருக்கு. ஏன் ஆயா என்றேன். “நம்மாளுக்குத் தண்டம் போட முடியாதே. அடிக்கத்தானே முடியும்.” சாதி ஒழுங்கின் சட்டவியல் முழுவதும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. கட்டுப்பாடு முதலில் கட்டுவது தன் சாதிக்காரனை. அவன் கையெழுத்தைப் பிடித்துவைத்துக்கொண்டால் போதும், நம்மிடம் யாரும் பேசவே வேண்டியதில்லை. ‘அவங்களா வரல’ என்று சொல்லிவிடலாம்.

மண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் எழுதியதே விதி. செங்கல்பட்டுச் சீமையில் மிராசுதார்கள், பறையர் குடிசை போட்டிருந்த மனையும் தங்களுடையதே என்றார்கள். கூலி கேட்டால், கிறித்தவரானால், வேறு ஆளிடம் வேலைக்குப் போனால் மனையைக் காலி செய் என்பார்கள். வயலைப் பறித்தால் ஒருவன் பட்டினி கிடந்து தாங்குவான். குடிசையைப் பறித்தால் அன்று ராத்திரியே பணிந்துவருவான். அந்த மாவட்டக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை நிலத்தோடு வீட்டுமனை உரிமையையும் சேர்த்துப் பேசியதற்குக் காரணம் இதுதான். அதை ஒட்டி 1892 அரசாணையில் வந்த பஞ்சமி நிலத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் பஞ்சமி நிலத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு வீட்டுமனையைப் பற்றி நாம் எழுதவில்லை.

மனையின் கதை மெதுவாகவே நகர்ந்தது. 1920களில் லேபர் கமிஷனர் இலாகா மனை வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. அரிஜன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் தனிச் சட்டம் 1978இல். அதற்கு முன் 1894ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் காலனிக்கு நிலம் எடுத்தார்கள். நிலக்காரர் கோர்ட்டுக்குப் போவார், தடை வாங்குவார், மனு போட்டவரின் பிள்ளைக்கும் கல்யாணம் ஆகிவிடும். 1978 சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் வரை இழுத்தார்கள். இத்தனைக்கும் பிறகு கிடைத்த மனை எங்கே இருந்தது? ஏரிக்கரை ஓரம், சுடுகாட்டுப் பக்கம், ஊரின் சாக்கடை போய்ச் சேரும் பள்ளம். மனை கொடுத்தது அரசு. எந்த இடத்தில் என்று சொன்னது ஊர். தொகுப்பு வீடுகளும் அங்கேதான் எழுந்தன. அரசுப் பதிவேடுகளிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை எடுப்பதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லதுதான். சர்வே எண் எங்கே போகும்?

பட்டா கிடைத்த பிறகும் விதி ஓயவில்லை என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர். மூன்று குடியிருப்புகளிலும் சேர்த்து 268 வீடுகள். தலித் இளைஞர் ஒருவரும் வன்னியப் பெண் ஒருவரும் செய்துகொண்ட திருமணம், அன்றைக்குப் பெண்ணின் தகப்பனார் தற்கொலை, பிறகு கூட்டம். காரணமாகச் சொல்லப்பட்டது இது. எரித்தது எதை என்று பாருங்கள். நத்தத்து ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்துக் கட்டிய மெத்தை வீடுகளை. பீரோவை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டுதான் கொளுத்தினார்கள். நான் போனபோது சுவர்கள் நின்றுகொண்டிருந்தன. கான்கிரீட் எரியாது. கட்டில், டி.வி., பிரிட்ஜ், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பட்டா என்று உள்ளே இருந்தவைதான் கரியாகியிருந்தன. காதல் ஒரு காரணம் என்றால், ‘ஓடு போட்டால் சமமாகிவிடுவாயா’ என்ற ஆயா காலத்து விதி இன்னொரு காரணம். அந்த விதியைத்தான் பெட்ரோலால் எழுதிக் காட்டினார்கள். ஊரின் பெயர் நத்தம் என்பதை வரலாற்றின் கிண்டல் என்று கடந்துபோக எனக்கு முடியவில்லை.

இனி அமெரிக்கா. வீட்டு உரிமையாளர் சங்கத்தை அங்கிருந்து கொண்டுவந்ததாக இவர்கள் சொல்வதால், அங்கே அது எப்படி வளர்ந்தது என்றும் பார்த்துவிடலாம். இந்தத் தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாது என்று நகரசபையே சட்டம் போடுவதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1917இல் செல்லாது என்றது. அதனால் என்ன, அக்கம்பக்கத்து வெள்ளை வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்க மாட்டேன் என்று பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை. பல ஒப்பந்தங்களில் வீட்டு வேலைக்காரருக்கு மட்டும் விலக்கு உண்டு. வேலை செய்யத் தங்கலாம், சொந்தமாகத் தங்கக் கூடாது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு தெருவின் 39 மனைக்காரர்களில் 30 பேர் 1911இல் ஐம்பது வருஷத்துக்கென்று இப்படிக் கையெழுத்துப் போட்டார்கள். 1945இல் அங்கே ஷெல்லி என்ற கறுப்பர் குடும்பம் வீடு வாங்கியது. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். இத்தகைய ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றிக் கொடுக்க முடியாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் எழுதியதைக் குற்றம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதை அமலாக்க அரசின் கை நீளாது என்று மட்டுமே சொன்னது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனபேதம் கூடாது என்ற சட்டத்துக்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கேயும் கட்டியது தன் ஆளைத்தான். ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒப்பந்தத்தைப் படித்ததும் சிரித்திருக்கும்.

நம் உச்ச நீதிமன்றத்துக்கும் இந்தக் கேள்வி வந்தது. அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று. பார்சி மட்டுமே உறுப்பினராகலாம் என்பது அதன் துணைவிதி. உறுப்பினர் ஒருவர் தன் பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டி வெளியாருக்கு விற்க நினைத்தார். சங்கம் கூடாது என்றது. சங்கம் வைக்கும் உரிமை அரசியல் சட்டம் கொடுத்தது, துணைவிதி செல்லும் என்று 2005 ஏப்ரலில் தீர்ப்பானது. தண்டம் மறுபடியும் விற்கப் போனவருக்கு. பார்சிகள் எண்ணிக்கையில் சிறுத்துவரும் சமூகம், அவர்கள் கவலை வேறு என்று வாதிடலாம். நானும் அதை முழுக்கத் தள்ளவில்லை. ஆனால் அதே கதவு வழியாக யார்யார் நுழைவார்கள்? 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கர் தங்க இடம் கிடைக்காமல், பார்சிப் பெயர் சொல்லி ஒரு பார்சி விடுதியில் இருந்தார். சில நாளில் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து அவரை வெளியேற்றினார்கள். கொலம்பியாவில் படித்து வந்த படிப்பு ஒரு அறைக்குக்கூட உதவவில்லை.

தர்மபுரி டவுனில் நான் வீடு தேடியபோது தடியை யாரும் காட்டவில்லை. ஒரு லேஅவுட்டில் வீட்டுக்காரர் அட்வான்ஸ் வரை பேசிவிட்டார். மறுநாள் போன் செய்து, “தப்பா நெனக்காதீங்க தம்பி, எனக்கு ஆட்சேபண இல்ல, சங்கத்துல கேக்கணும்” என்றார். சங்கத்தில் கேட்டது என் சொந்த ஊர் எது, ஊருக்குள்ளேயா வெளியிலேயா என்ற ஒரே கேள்வி. பிறகு அவர் போனை எடுக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தண்டம் பயம்.

தீண்டாமை காரணமாக ஒருவரை எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ விடாமல் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் வருஷத்துக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றமென்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்த்தார்கள். சட்டம் இல்லாமலில்லை. ஆனால் தீண்டாமை என்று சொல்லிக்கொண்டு எவரும் கதவை மூடுவதில்லை. ‘சைவம் மட்டும்’ என்பார்கள், ‘குடும்பத்தாருக்கு மட்டும்’ என்பார்கள், இல்லையென்றால் சுவர் எழுப்புவார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டித் தனியார் வீட்டுக்காரர் எழுப்பியிருந்த உயரமான கருங்கல் காம்பவுண்டு, 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் சரிந்து 17 பேரைக் கொன்றது. கீழே இருந்தது ஓட்டு வீடுகள்.

அந்த லேஅவுட் சங்கம் 1975ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் துணைவிதியின் நகலை வாங்கினேன். பூங்கா, குப்பை, தெருவிளக்கு, சந்தா. சாதி என்ற சொல்லே அதில் இல்லை. உறுப்பினர் சேர்க்கை பற்றிய விதியில் மட்டும் ஒரு வரி: விண்ணப்பத்தைக் காரணம் கூறாமல் நிராகரிக்கச் செயற்குழுவுக்கு அதிகாரம் உண்டு. தோழர்கள் அவரவர் ஊரில் உள்ள சங்கங்களின் துணைவிதியை இதேபோல வாங்கிப் பார்த்து, இப்படியொரு வரி இருந்தால் நகலை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். இருபது முப்பது சேர்ந்ததும் வக்கீல்களிடம் காட்டுவோம்.